செய்தி முடிந்தபின் எங்கே தேடுவது? தமிழ்த் தொலைக்காட்சிக்கு நல்ல செய்தித்தளம் ஏன் தேவை

பூச்சோங்: கடந்த 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8 மணி கடந்து சில நிமிடங்களில், பூச்சோங்கை ஒட்டியுள்ள புத்ரா ஹைட்ஸ், ஜாலான் புத்ரா ஹார்மோனி அருகே பெட்ரோனாஸ் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தெரியும் அளவுக்குத் தீப்பிழம்பு எழுந்தது. கம்போங் கோலா சுங்கை பாருவிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் இருந்தவர்கள் உடுத்திய துணியோடு வெளியே ஓடினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் பாதிக்கப்பட்டன. பிற்பகலில்தான் தீ அணைந்தது. உயிர்ப்பலி இல்லை என்பது மட்டுமே அன்றைய ஆறுதல்.

அன்று தொலைக்காட்சிகள் தங்கள் கடமையைச் செய்தன. நிருபர்களும் ஒளிப்பதிவாளர்களும் அந்த வெப்பத்தில் நின்று படம் பிடித்தார்கள். தமிழ்ச் செய்தியறிக்கைகளிலும் தீயின் காட்சி வந்தது. அமைச்சர்கள், தீயணைப்புத் துறையினர், காவல் துறையினர் சொன்னவை வந்தன. சில நிமிடங்களில் அந்தச் செய்தி முடிந்து அடுத்த செய்தி வந்தது.

ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கோ, அந்த வட்டாரத்தில் உறவினர் உள்ள குடும்பத்துக்கோ, கேள்விகள் அப்போதுதான் தொடங்கின. நிவாரண மையம் எங்கே? எந்தச் சாலை மூடியிருக்கிறது? வீட்டுக்கு எப்போது திரும்பலாம்? உடன் எடுத்துவராத அடையாளக் கார்டுக்கு என்ன செய்வது? உதவித்தொகைக்கு யாரிடம் பதிவது? எங்கள் தாமானுக்கு அடியிலும் அந்தக் குழாய் போகிறதா? இவற்றுக்குத் தமிழில் பதில் வேண்டுமென்றால், அன்று இரவு பத்து மணிக்கு ஒருவர் எந்தப் பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும்?

தமிழில் செய்தி வழங்கும் ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்தையும் நோக்கி எழும் கேள்வி இது. திரையில் வந்த செய்தியைப் பிறகு தேடிப் படிக்க ஓர் இடம் இல்லையென்றால், நிருபர் பட்ட பாட்டில் பாதி வீணாகிறது. மீதியை வாட்ஸ்அப் எனும் புலனத்தில் வரும் வதந்தி நிரப்பிவிடுகிறது.

ஒரு நாளில் முடியாத செய்தி

புத்ரா ஹைட்ஸ் தீ ஒரு நாள் செய்தி அல்ல. காயமடைந்தோர் எண்ணிக்கை அன்று காலையிலிருந்து இரவுக்குள் பலமுறை மாறியது. பாதிக்கப்பட்ட வீடுகளின் கணக்கு அடுத்த சில நாட்களிலும் மாறிக்கொண்டே இருந்தது. இதில் யார் மீதும் குற்றமில்லை. பேரிடரில் முதல் எண் எப்போதும் தற்காலிகமானது. ஆனால் மதியச் செய்தியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவருக்கு, மதியம் கேட்ட எண்தான் கடைசி எண். புதிய எண் வந்தது அவருக்குத் தெரியாது. ஒரு செய்தித்தளத்தில் இதே செய்தி 'மாலை 6 மணி நிலவரம்' என்ற குறிப்போடு அதே பக்கத்தில் திருத்தப்பட்டிருக்கும். காலையில் படித்தவரும் இரவில் படிப்பவரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

உதவித்தொகையும் அப்படித்தான். முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 5,000 ரிங்கிட், பகுதி சேதமடைந்த வீட்டுக்கு 2,500 ரிங்கிட் என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். திரையில் அது இரண்டு வரி. ஆனால் வாடகை வீட்டில் இருந்தவருக்கு என்ன? 'பகுதி சேதம்' என்று முடிவு செய்வது யார்? மாநில அரசின் உதவி இதோடு சேருமா, தனியா? இவை அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகக்கூடிய விவரங்கள். அவற்றை ஒரே இடத்தில் கேள்வி-பதிலாக அடுக்கி வைக்கச் செய்தியறிக்கையில் நேரமில்லை. இணையப் பக்கத்தில் இடம் உண்டு.

பிறகு வந்தது விசாரணை முடிவு. தீ மூண்ட நாளிலிருந்தே, அருகில் நடந்த மண் தோண்டும் பணிதான் காரணம் என்ற பேச்சு எங்கும் பரவியிருந்தது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 30-ஆம் தேதி, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் விசாரணை முடிவு வெளியிடப்பட்டது. குழாயைத் தாங்கியிருந்த மண்ணின் ஈரத்தன்மையும், அதனால் குழாய் தொடர்ந்து அழுத்தத்துக்கு உள்ளானதும் காரணமாகச் சொல்லப்பட்டன. நாசவேலைக்கான சான்று இல்லை என்றும் தெரிவிக்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் இதில் முழு நிறைவு அடையவில்லை. அவர்கள் தரப்பில் கேள்விகள் தொடர்ந்தன.

ஏப்ரலில் தீயைத் திரையில் கண்டவர்களில் எத்தனை பேர் ஜூன் முடிவை அறிந்தார்கள்? காட்சிக்கு இருந்த ஈர்ப்பு அறிக்கைக்கு இருக்காது. தீப்பிழம்பு எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. மண்ணின் ஈரம் பற்றிய விளக்கம் யாருடைய கைப்பேசியிலும் இல்லை. முதல் நாள் செய்தியையும் மூன்றாம் மாத முடிவையும் குடியிருப்பாளர்களின் கேள்விகளையும் ஒரே தொடராகக் கோத்துத் தரும் தமிழ்ப் பக்கம் இருந்தால், ஏப்ரலின் வதந்தி ஜூனிலாவது கொஞ்சம் அடங்கும்.

1,292 இடங்களைத் திரையில் வாசிக்க முடியுமா?

பேரிடரை விடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு நன்கு பழகிய தண்ணீர்த் தடையை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் சுங்கை சிலாங்கூர் ஆறு மாசுபட்டதால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக், கோலா சிலாங்கூர் எனப் பரந்த அந்தப் பாதிப்பில் 1,292 இடங்கள் பட்டியலில் இருந்தன.

அரை மணி நேரச் செய்தியறிக்கை முழுவதையும் ஒதுக்கினாலும் அத்தனை பெயர்களை வாசிக்க முடியாது. 'பல இடங்களில் தண்ணீர் தடைபடும்' என்று மட்டுமே சொல்ல முடியும். தொட்டி நிரப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இல்லத்தரசிக்கு அந்தப் 'பல' போதாது. அவருக்குத் தன் தாமானின் பெயரும் தண்ணீர் திரும்பும் நேரமும் வேண்டும். நீர் நிறுவனம் அந்தப் பட்டியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. அதைத் தமிழில், மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, தேடக்கூடிய வடிவில் போடுவது ஒரு நல்ல செய்தித்தளத்துக்கு அரை நாள் வேலை.

பூச்சோங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதன் பெரும்பகுதி சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. பூச்சோங் என்றே முகவரி எழுதப்படும் தாமான் புத்ரா பெர்டானா போன்ற இடங்களோ சிப்பாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகின்றன. குப்பை அள்ளாவிட்டாலும் சாலையில் பள்ளம் விழுந்தாலும் யாரிடம் புகார் செய்வது என்பது இங்கே பக்கத்துத் தெருவுக்குப் பக்கத்துத் தெரு மாறலாம். நாடு முழுவதற்குமான செய்தியறிக்கை இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எழுத்தில் ஒருமுறை தெளிவாக விளக்கி வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் பயன்படும்.

புலனம் நிரப்பும் வெற்றிடம்

மலேசியர்கள் புலனம் வழியாகச் செய்தி அறிவது புதிதல்ல. ரோய்ட்டர்ஸ் ஆய்வுக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, கருத்தாய்வில் பங்கேற்ற மலேசிய இணையப் பயனர்களில் பாதிப்பேர் செய்திக்காகப் புலனத்தைப் பயன்படுத்துவதாகக் கூறியிருந்தனர். குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தோட்ட நண்பர்கள் குழு என்று ஒருவரே பல குழுக்களில் இருக்கிறார். ஒரு குரல்பதிவு காலையில் கிள்ளானில் கிளம்பினால் மதியத்துக்குள் சுங்கை சிப்புட்டுக்குப் போய்விடும்.

குழுவில் இருப்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு பொய் அனுப்புவதில்லை. 'நாலு பேருக்குத் தெரியட்டும்' என்ற நல்ல எண்ணம்தான் பெரும்பாலும். அந்த நல்ல எண்ணத்துக்குத் தீனியாகக் கையில் கிடைப்பது யார் எழுதியது என்று தெரியாத, தேதி இல்லாத, பலமுறை கைமாறிய ஒரு தகவல். அதற்குப் பதிலாக அனுப்பத் தகுந்த ஒரு தமிழ் இணைப்பு கிடைத்தால் அதை அனுப்புவார்கள். 'அது பொய்' என்று மாமாவிடம் வாதாடுவதைவிட, 'மாமா, இதைப் படியுங்கள்' என்று தெரிந்த நிலையத்தின் பக்கத்தை அனுப்புவது எளிது. உறவும் கெடாது.

2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அந்த மாதத்தின் மூன்றாம் வாரக் கடைசியில், ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் முதல் மாடி வரை ஏற, மக்கள் கூரைகளில் நின்று உதவி கேட்டனர். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் மதிப்பிட்டது. அந்த நாட்களில் சமூக ஊடகமே மக்களுக்கு உதவி மையமாக மாறியது. தன்னார்வலர்கள் முகவரிகளைத் தொகுத்துப் படகுகளை அனுப்பினார்கள். அது மக்களின் பெருமை. ஆனால் மீட்கப்பட்டவரின் முகவரியும் மீட்கப்படாதவரின் முகவரியும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் எதை நம்பிப் படகை அனுப்புவது? பகிரப்படும் தகவலில் நேரம் இல்லையென்றால் நல்ல தகவலும் சில மணி நேரத்தில் தவறான தகவலாகிவிடும்.

பணம் சார்ந்த அறிவிப்புகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 2025 ஜூலையில், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் சாரா திட்டத்தின்கீழ் 100 ரிங்கிட் மைகார்டு வழியாகக் கிடைக்கும் என்றும், ஆகஸ்டு 31 முதல் அதைப் பயன்படுத்தலாம் என்றும் அரசாங்கம் அறிவித்தது. இதற்குத் தனிப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் இப்படி ஓர் அறிவிப்பு வரும்போதெல்லாம் 'இங்கே பதியுங்கள்' என்ற போலி இணைப்புகளும் பின்னாலேயே வருவது வழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அரசாங்கத்தின் மலாய் விளக்கமும் புரியவில்லை, தமிழில் விளக்கும் நம்பகமான பக்கமும் இல்லை என்றால், தமிழில் வரும் போலி இணைப்புதான் அவருக்குப் புரியும் ஒரே மொழியில் பேசுகிறது. மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளம் வதந்திகளை மறுத்து வருகிறது. 2025 ஜனவரியில் அறிமுகமான 'ஐஃபா' எனும் உரையாடல் சேவையில் தமிழிலும் கேட்கலாம். இவை தேவையான முயற்சிகள். ஆயினும் பொய்யை மறுப்பது ஒரு வேலை, உண்மையை முதலிலேயே எழுதி வைப்பது வேறு வேலை. பத்து 14-இல் எந்தச் சாலை மூடப்பட்டது என்பதை யாராவது ஒரு நிருபர் நேரில் பார்த்து எழுதியிருந்தால்தான் எந்தச் சேவையும் அதை எடுத்துச் சொல்ல முடியும்.

முகநூல் போதாதா?

நிலையங்கள் தரப்பில் சொல்லப்படக்கூடிய முதல் பதில் இது: 'காணொளிகளை முகநூலிலும் யூடியூப்பிலும் போடுகிறோமே.' உண்மைதான். மக்கள் இருக்கும் இடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோவது சரியான வேலை. ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் சாமான்கள் உள்ளே, நாம் வெளியே.

கனடாவில் இது நடந்தே விட்டது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற புதிய சட்டத்தை எதிர்த்து, முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா 2023 ஆகஸ்டில் கனடா பயனர்களுக்கு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்தியது. அதே மாதம், நாட்டின் வடபகுதியில் உள்ள யெல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கியது. ஏறக்குறைய 20,000 பேர் ஊரைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. எந்தச் சாலை வழியாகப் போவது, விமானம் எப்போது என்ற செய்தியின் இணைப்பை முகநூலில் பகிர முடியவில்லை. அந்த நேரத்தில் ஊர் மக்கள் நம்பியிருந்தவற்றில் ஒன்று 'கேபின் ரேடியோ' என்ற சிறிய உள்ளூர் வானொலியின் செய்தித்தளம். மக்கள் அதன் பக்கத்தைத் தேடிப் போனார்கள். செய்தியைப் படமெடுத்தும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு சிறிய நிலையம் சொந்தத் தளத்தைக் கவனமாக வளர்த்து வைத்திருந்ததால் அது சாத்தியமானது.

மலேசியாவில் அப்படிச் சட்டச் சண்டை வந்தாலும் வராவிட்டாலும், சமூக ஊடகத்துக்கு வேறு குறைகளும் இருக்கின்றன. முகநூலில் எது முதலில் தெரியும் என்பதை நிலையம் தீர்மானிப்பதில்லை. நேற்றைய வெள்ள எச்சரிக்கை இன்று காலை ஒருவரின் திரையில் புதிதுபோல் வந்து நிற்கும். சென்ற ஆண்டுச் செய்தியை இன்று தேடினால் அகப்படாது. காணொளிக்குள் சொன்ன ஊர்ப் பெயரைத் தேடுபொறி எளிதில் கண்டுபிடிக்காது. எழுத்தில் இருந்தால் கண்டுபிடிக்கும்.

அண்டை நாட்டில் இருக்கிறது

சிங்கப்பூரில் மீடியாகார்ப் நிறுவனம் வசந்தம் ஒளிவழியில் தமிழ்ச் செய்தி வழங்குகிறது. அதோடு 'செய்தி' என்ற பெயரிலேயே தனித் தமிழ்த் தளத்தையும் நடத்துகிறது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தவறியவர் அங்கே எழுத்தில் படிக்கலாம். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். எண்ணிக்கையில் சில லட்சம். மலேசியாவில் இந்தியர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுதோறும் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. வாசகர் இல்லை என்ற வாதம் இங்கே எடுபடாது.

இன்னொரு பாடம் லண்டனிலிருந்து வருகிறது. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. வானொலிப் பெட்டியைத் திருகிக் கேட்ட தலைமுறைக்கு அது பெரிய வருத்தம். ஆனால் பிபிசியின் தமிழ்ச் செய்தி நிற்கவில்லை. இணையத்தளம் ஏற்கெனவே இருந்ததால் அது அங்கே தொடர்ந்தது. வாசகர் வட்டமும் வேறு நாடுகளுக்கு விரிந்தது. ஓர் ஒலிபரப்பின் நேரம் குறைக்கப்படலாம், மாற்றப்படலாம், நிறுத்தப்படலாம். தளம் உள்ள நிலையத்துக்கு அதன் பிறகும் வாழ்வு உண்டு.

மலேசியாவில் அடித்தளம் இல்லாமல் இல்லை. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா தன் அகப்பக்கத்தில் தமிழுக்கு இடம் தந்திருக்கிறது. செல்லியல், வணக்கம் மலேசியா போன்ற இணைய ஊடகங்கள் பல ஆண்டுகளாகத் தமிழில் செய்தி எழுதி வருகின்றன. நாளேடுகளும் இணையத்துக்கு வந்துவிட்டன. ஆனால் படப்பிடிப்புக் கருவியும் சம்பளம் வாங்கும் நிருபர்களும் அமைச்சரிடம் நேரில் கேட்கும் வாய்ப்பும் அதிகம் உள்ளவை தொலைக்காட்சி நிலையங்கள்தாம். அவை சேகரித்த தகவலில் திரைக்குப் போவது ஒரு சிறு பங்கு. மீதி நிருபரின் குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகிறது.

'நல்ல' தளம் என்றால் என்ன?

அலங்காரம் தேவையில்லை. மக்கள் எதிர்பார்ப்பது எளிமையானது.

முதலாவது, ஒவ்வொரு செய்தியிலும் தேதியும் நேரமும். திருத்தினால், எப்போது, எதைத் திருத்தினோம் என்ற ஒரு வரி. இந்த ஒரு வரிதான் நிலையத்தின் பக்கத்தையும் புலனத் தகவலையும் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, ஊர்ப் பெயர். 'சிலாங்கூரில் வெள்ளம்' என்பதோடு நில்லாமல் பூச்சோங் பெர்டானாவா, பத்து 14-ஆ, கம்போங் கோலா சுங்கை பாருவா என்று எழுத வேண்டும். மக்கள் தேடுவது தங்கள் ஊரை.

மூன்றாவது, காணொளியோடு எழுத்தும். தோட்டப்புறங்களில் இன்னும் சில இடங்களில் இணைய இணைப்பு மெதுவாகத்தான் வருகிறது. காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும் இடத்தில் ஐந்து பத்தி எழுத்து உடனே திறந்துவிடும். முன்கட்டணக் கைப்பேசி வைத்திருப்பவருக்குத் தரவுச் செலவும் குறைவு. வேலையிடத்தில் ஒலியைக் கூட்ட முடியாதவருக்கும், காது மந்தமான பெரியவருக்கும் எழுத்தே உதவி.

நான்காவது, அடுத்து என்ன செய்வது என்ற விவரம். எந்த அலுவலகம், எந்தப் பாரம், எந்தத் தேதிக்குள், எந்தத் தொலைபேசி எண், அரசாங்கத்தின் உண்மையான இணைப்பு எது. உதவித்தொகைச் செய்தி இந்த வரிகள் இல்லாமல் முழுமையாகாது.

ஐந்தாவது, தொடர்ச்சி. தீ என்ற செய்திக்குக் கீழே விசாரணை முடிவு, விசாரணை முடிவுக்குக் கீழே முதல் நாள் செய்தி. வாசகர் எந்தக் கதவு வழியாக வந்தாலும் முழுக் கதையும் கிடைக்க வேண்டும்.

செலவும் மொழியும்

இதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. தமிழ் விளம்பரச் சந்தை சிறியது. தமிழ்ச் செய்திப் பிரிவுகளில் ஆள் பற்றாக்குறை பழைய கதை. ஏற்கெனவே ஓடி ஓடி உழைக்கும் நிருபரிடம் 'இணையத்துக்கும் நீயே எழுது' என்று கூடுதல் சுமையை ஏற்றினால், இரண்டும் கெடும். அவசரத்தில் எழுத்துப் பிழையோடு வரும் தளம் நம்பிக்கையை வளர்க்காது. ஆகவே இதற்கென்று ஓரிருவரையாவது தனியாக நியமிப்பதுதான் நேர்மையான தொடக்கம். தமிழ் இலக்கியமும் ஊடகமும் படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகள் நாட்டில் இருக்கிறார்கள்.

செலவை வேறு விதமாகவும் கணக்கிடலாம். நிருபரை அனுப்பியாயிற்று, வண்டி ஓடியாயிற்று, மலாய் அறிக்கையைத் தமிழாக்கியாயிற்று. பெருஞ்செலவு முடிந்துவிட்டது. அந்தத் தமிழாக்கம் ஒருமுறை வாசிக்கப்பட்டதும் கோப்பில் போய்விடுவதா, அல்லது பக்கமாகி இரண்டு ஆண்டுகள் படிக்கப்படுவதா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. தவிர, நாள்தோறும் வாசகர் வந்துபோகும் பக்கத்துக்குக் காலப்போக்கில் உள்ளூர் விளம்பரமும் வரும். கிள்ளான் நகைக்கடைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடைக்கும் தொலைக்காட்சி விளம்பரம் எட்டாத விலையாக இருக்கலாம். ஓர் இணையப் பக்க விளம்பரம் எட்டும்.

இளையோர் தமிழ் படிப்பதில்லை என்ற கவலையும் உண்டு. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத்தான் வரும். இதைச் சாக்காகச் சொல்லித் தமிழ்ப் பக்கத்தைக் கைவிடுவதைவிட, செய்தியின் தொடக்கத்தில் மலாயில் இரண்டு வரிச் சுருக்கம் போடலாம்; கட்டுரையை வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவை இணைக்கலாம். பேரன் திறந்து கொடுக்க, பாட்டி கேட்கலாம். பல வீடுகளில் கைப்பேசிச் செய்தி இப்படித்தான் புழங்குகிறது.

பதிவாக நிற்கும் வாழ்க்கை

பூச்சோங் இன்று பேரங்காடிகளும் எல்ஆர்டி நிலையங்களும் நிறைந்த ஊர். ஆனால் காசல்ஃபீல்ட், கின்ராரா என்ற தமிழ்ப்பள்ளிப் பெயர்கள் இது ஒரு காலத்தில் தோட்டங்களின் ஊர் என்பதை இன்னும் சொல்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் எங்கே போயின, என்ன இழப்பீடு கிடைத்தது, எந்தக் கோயில் இடம் மாறியது என்பவை அந்தக் காலச் செய்திகளில் இருந்தன. தமிழ் நாளேடுகள் அவற்றில் பலவற்றைத் தாளில் விட்டுச்சென்றதால் இன்றும் ஆய்வாளர்கள் நூலகத்தில் தேட முடிகிறது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இன் தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஆனால் அது அச்சிட்ட பக்கங்கள் சாட்சியாக இருக்கின்றன.

ஒளிபரப்பான செய்திக்கு அப்படிப்பட்ட சாட்சி எங்கே? இன்றைய தமிழர் வாழ்வின் பெரும்பகுதி திரையில் சொல்லப்பட்டு அன்றே மறைந்துவிடுகிறது. புத்ரா ஹைட்ஸில் வீடிழந்தவர் ஐந்து ஆண்டு கழித்து ஒரு வழக்குக்கோ விண்ணப்பத்துக்கோ 'அன்று அமைச்சர் தமிழ்ச் செய்தியில் இப்படிச் சொன்னார்' என்று காட்ட விரும்பினால், அவர் கையில் என்ன இருக்கும்? தேதியோடு நிற்கும் ஒரு பக்கம் இருந்தால் அதை அச்சிட்டு எடுத்துப் போவார்.

வருமுன் காப்பதைப் பற்றி மழைக்காலத்துக்கு மழைக்காலம் பேசுகிறோம். தொலைக்காட்சி நிலையங்களுக்கும் அது பொருந்தும். வெள்ளம் வந்த இரவில் தளம் தொடங்க முடியாது. அன்று தொடங்கினால் யாருக்கும் அதன் முகவரி தெரியாது. சாதாரண நாட்களில் தண்ணீர்த் தடை, பள்ளிப் பதிவு, சாலை மூடல் என்று சிறு செய்திகளைச் சரியாகத் தந்து பழக்கியிருந்தால்தான், ஆபத்து நாளில் மக்களின் விரல் அங்கே போகும். அடுத்த பெருமழையின்போது பத்து 14-இல் ஒரு தாய் கைப்பேசியில் 'பூச்சோங் வெள்ளம்' என்று தமிழில் தட்டினால், அன்றைய தேதியும் நேரமும் போட்ட ஒரு தமிழ்ப் பக்கம் முதலில் வர வேண்டும். அதற்கான வேலையை நிலையங்கள் வெயில் காயும் இந்த நாட்களிலேயே தொடங்கியாக வேண்டும்.